மாஸ்ட் தரவைப் பைத்தானில் படிக்கிறேன்: பெருக்கினால் ஏன் ஒன்றுமே மிஞ்சவில்லை?

புக்கிட் பாத்தோக் மாணவி | திங்கள், இரவு 11.20

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்கு அணுக்கரு இணைவு ஆய்வுத் தரவை எடுத்துக்கொண்டேன். பிரிட்டனில் கல்ஹம் என்னும் ஊரில் 1999 முதல் 2013 வரை இயங்கிய மாஸ்ட் டோக்காமாக்கின் (பிளாஸ்மா என்னும் மிகச் சூடான மின்னேற்ற வாயுவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் இயந்திரம்) தரவு இப்போது யாரும் படிக்கும்படி திறந்திருக்கிறது. கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒவ்வொரு ஷாட்டும் ஸார் என்னும் கோப்பு வடிவத்தில் தனித்தனியாக இருக்கிறது. பைத்தானில் எக்ஸ்அரே (xarray) என்னும் நிரல் நூலகத்தைக் கொண்டு நேராகத் திறந்துவிடலாம்.

முதல் நாள் பிளாஸ்மா மின்னோட்டத்தை வரைபடமாக்கிப் பார்த்தபோது எழுந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. கோடு பூச்சியத்திலிருந்து ஏறி, மேலே சமதளமாக நின்று, அரை விநாடிக்குள் செங்குத்தாக விழுந்தது. நான் பிறப்பதற்கு முன்னும் சிறுமியாக இருந்தபோதும் யாரோ இயக்கிய இயந்திரம், என் மேசையில் மறுபடி இயங்கியதுபோல் இருந்தது.

சிக்கல் அடுத்த நாள் வந்தது. பிளாஸ்மாவுக்குள் மின்தடையால் எவ்வளவு வெப்பம் இறங்குகிறது என்று பார்க்க, மின்னோட்டத்தையும், பிளாஸ்மா வளையத்தைச் சுற்றி அதைத் தள்ளும் சுற்று மின்னழுத்தத்தையும் பெருக்கினேன். விடையாக வந்த எண் அணியின் நீளம் பூச்சியம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. பிறகு இரண்டையும் நேர அச்சு இல்லாத வெறும் நம்பை (numpy) அணிகளாக மாற்றி, நீளமானதைக் குட்டையானதின் அளவுக்கு வெட்டிப் பெருக்கினேன். இப்போது எண்கள் வருகின்றன. ஆனால் மின்னோட்டம் அணைந்த பிறகும் வெப்பம் இறங்குவதாகக் காட்டுகிறது. நூலகத்தில் கோளாறா, என் கையில் கோளாறா?

கிளமெண்டி | திங்கள், இரவு 11.52

நூலகம் சொன்னதைச் செய்திருக்கிறது, தங்கையே. எக்ஸ்அரே இரண்டு அணிகளைப் பெருக்கும்போது இடத்தைப் பார்ப்பதில்லை, அச்சில் எழுதியிருக்கும் மதிப்பைப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் நேரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. உங்கள் இரண்டு சமிக்ஞைகளும் வெவ்வேறு கருவிகளில் வெவ்வேறு வேகத்தில் பதிவானவை. ஒரு நேரப்புள்ளிகூட ஒத்துப்போகவில்லை, ஆகவே மிச்சம் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சோதியுங்கள். ஒரு நேர அச்சு 32 பிட்டிலும் மற்றது 64 பிட்டிலும் சேமிக்கப்பட்டிருந்தால், திரையில் இரண்டும் 0.1 என்று தெரிந்தாலும் உள்ளே ஒன்பதாவது தசம இடத்துக்கு அருகே வேறுபடும். கணினிக்கு அவை இரு வேறு நேரங்கள்.

எக்ஸ்அரேயின் அமைப்புகளில் ‘அரித்மெட்டிக் ஜாயின்’ என்று ஒன்று உண்டு. அதை ‘எக்ஸாக்ட்’ என்று மாற்றி நிரலின் முதல் வரியிலேயே வைத்துவிடுங்கள். அச்சுகள் ஒத்துப்போகாவிட்டால் அது அமைதியாக வெட்டாது, பிழை என்று நின்றுவிடும். என் வேலை தரவுப் பொறியியல். பிளாஸ்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஆனால் அமைதியாகத் தவறும் நிரலைவிடச் சத்தமாக நிற்கும் நிரல் எவ்வளவு மேல் என்று பல இரவுகள் விழித்துக் கற்றிருக்கிறேன்.

புக்கிட் பாத்தோக் மாணவி | செவ்வாய், காலை 7.05

மிக்க நன்றி அண்ணா. ரயிலில் வரும்போதே இரண்டு அச்சுகளின் முதல் பத்து மதிப்புகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் பூச்சியத்துக்கு முன்பே, எதிர்மறை நேரத்தில் தொடங்குகின்றன, ஆனால் ஒரே இடத்தில் தொடங்கவில்லை. ஒன்றைவிட மற்றொன்றில் புள்ளிகள் பல மடங்கு நெருக்கம். அப்படியானால் நான் வெட்டிப் பெருக்கியபோது, ஒரு சமிக்ஞையின் தொடக்கத்தை இன்னொன்றின் நடுப்பகுதியோடு பெருக்கியிருக்கிறேன்!

ஈசூன் தந்தை | செவ்வாய், காலை 9.30

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகன் தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். அவனுக்குச் சொல்லவே இந்த இழையைப் படிக்கிறேன். ஷாட் என்றால் என்ன? இந்த இயந்திரங்கள் மின்சாரம் தருகின்றனவா?

உட்லண்ட்ஸ் வாசகி | செவ்வாய், பகல் 12.48

ஐயா, ஷாட் என்பது இயந்திரத்தை ஒருமுறை இயக்குவது. வாயுவைச் செலுத்தி, காந்தச் சுருள்களில் மின்சாரம் பாய்ச்சி, பிளாஸ்மாவை உண்டாக்கி, அது அணையும்வரை அளந்து, ஓர் எண்ணைக் கொடுத்துச் சேமித்துவைப்பார்கள். மாஸ்டில் அது அரை விநாடி. பிரான்ஸிலுள்ள வெஸ்ட் இயந்திரத்தில் 2025 பிப்ரவரியில் 22 நிமிடம் நின்றது. நீளம் எதுவானாலும் கணக்கில் அது ஒரு ஷாட்தான்.

மின்சாரம் இன்னும் இல்லை. அதே கல்ஹமில் இருந்த ஜெட் இயந்திரம் 2023 அக்டோபரில் ஒரே ஷாட்டில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை வெளியிட்டது. செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம். 69 மெகாஜூல் என்பது ஏறக்குறைய 19 யூனிட், நம் வீவக வீடு ஒன்றின் ஓரிரு நாள் மின்செலவு. ஆனால் அது வெப்பமாக வந்தது, மின்சாரமாக அன்று. அதைப் பெறுவதற்கு இயந்திரம் உள்வாங்கியது அதைவிட மிக அதிகம். உங்கள் மகனிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஊரில் வளரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மாணவிக்கு: நான் முனைவர் பட்டத்துக்குக் காந்திநகரில் டோக்காமாக் தரவோடு இருந்தவள். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

தோ பாயோ பெரியவர் | செவ்வாய், மாலை 5.15

இந்த இழையைப் பேத்தி காட்டினாள். முப்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்களிடம் டோக்காமாக் இல்லை, மின்தேக்கியின் மின்சாரத்தை ஒரே கணத்தில் பாய்ச்சிப் பிளாஸ்மாவை இறுக்கும் பிளாஸ்மா ஃபோக்கஸ் இருந்தது. பேராசிரியர் சிங் லீயும் அவர் குழுவினரும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்து, பல நாட்டு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வகை. 30 மைக்ரோஃபேரட் மின்தேக்கி, 15 கிலோவோல்ட், மொத்தம் மூன்று கிலோஜூலுக்குச் சற்று மேல். மேசையளவு இடம் போதும். சுவிட்ச் விழுந்து மூன்று மைக்ரோ விநாடிக்குள் மின்னோட்டம் உச்சத்துக்குப் போய்விடும்.

மகளே, நீ கணினியில் பார்க்கும் மின்னோட்டக் கோடு மின்னோட்டத்தை அளந்து வந்ததன்று. ரொகோவ்ஸ்கி சுருள் என்று ஒன்று உண்டு. நான் என் கையால் சுற்றியிருக்கிறேன். ஒரு நெகிழ்வான குழாயின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஒரே சீராகச் சுற்றி, கம்பியின் மறுமுனையைக் குழாயின் நடுவழியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அப்படித் திருப்பாவிட்டால் அக்கம்பக்கத்துக் காந்தப்புலம் எல்லாம் உள்ளே வந்துவிடும். இரண்டு சுற்றுக்கு இடையில் நக இடுக்களவு வெளி விட்டாலும் அளவு கெடும். அந்தச் சுருள் தருவது மின்னோட்டம் மாறும் வேகத்தை. அதைத் தொகையிட்டால்தான் மின்னோட்டம் வரும். தொகையிடும் கருவியில் ஒரு சிறு நிலையான பிசகு இருந்தால், அது விநாடி ஏற ஏற மலையாக வளரும்.

ஆகையால் எந்தக் கோட்டைத் திறந்தாலும் முதலில் பூச்சிய நேரத்துக்கு முந்தைய பகுதியைப் பார். அங்கே பிளாஸ்மா இல்லை, கோடு தட்டையாக இருக்க வேண்டும். பிறகு கடைசிப் பகுதியைப் பார். பிளாஸ்மா அணைந்தபின் அது பூச்சியத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாமல் மேலேயோ கீழேயோ தொங்கினால் தொகையீட்டில் நழுவல் இருக்கிறது. நீ சொன்ன எதிர்மறை நேரம் வீணாகச் சேமித்தது அல்ல. அளந்தவன் உனக்கு விட்டுச் சென்ற சான்று அது.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. எங்கள் ஆய்வுக்கூடத்தில் கதிர் உணரியிலிருந்து ஆசிலாஸ்கோப்புக்கு வரும் கேபிள், மின்னோட்டச் சுருளின் கேபிளைவிட ஐந்து மீட்டர் நீளமாக இருந்தது. ஒரு மீட்டருக்கு ஐந்து நானோ விநாடி. பிளாஸ்மா இறுகும் கணத்தில் மின்னோட்டக் கோட்டில் விழும் பள்ளத்துக்கு 25 நானோ விநாடி கழித்துக் கதிர் வருவதாக ஒரு மாணவர் ஒரு வாரம் விளக்கம் தேடினார். கடைசியில் நாங்கள் மேசைக்கு அடியில் குனிந்து கேபிளை முழம் போட்டோம்.

கிளமெண்டி | செவ்வாய், மாலை 6.02

ஐயா, இதை நான் அச்செடுத்து மேசையில் ஒட்டப்போகிறேன்.

உட்லண்ட்ஸ் வாசகி | செவ்வாய், இரவு 9.40

பெரியவர் சொன்னதைத் தொடர்கிறேன்.

நாங்கள் பழகியது எம்டிஎஸ்பிளஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், இத்தாலியின் பதுவா ஆய்வுக்குழு, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. உலகின் பல டோக்காமாக்குகள் இன்றும் அதில்தான் சேமிக்கின்றன. ஒவ்வொரு ஷாட்டும் ஒரு மரம், ஒவ்வொரு கருவியும் ஒரு கிளை, ஒவ்வொரு சமிக்ஞையும் ஒரு கணு. பைத்தானிலிருந்து இணைப்பைத் திறந்து, மரத்தின் பெயரையும் ஷாட் எண்ணையும் கொடுத்து, கணுவைக் கேட்டால் அணி வரும். நேரம் தானாக வராது. ‘டிம் ஆஃப்’ என்று தனியே கேட்க வேண்டும். அலகு வேண்டுமானால் ‘யூனிட்ஸ் ஆஃப்’ என்று கேட்க வேண்டும். மூன்று கேள்வி கேட்டால்தான் ஓர் அளவீடு கையில் வந்ததாகப் பொருள். எங்கள் பேராசிரியர் முதல் கேள்வியோடு நிறுத்தியவர்களின் வரைபடத்தைப் பார்க்கவே மாட்டார்.

எக்ஸ்அரேயில் நேரமும் அலகும் அணியோடு ஒட்டியே வருகின்றன. அது பெரிய நன்மை. ஆனால் நம்பை அணியாக மாற்றிய கணத்தில் நீங்கள் அந்த ஒட்டைப் பிய்த்துவிட்டீர்கள். தவறு நடந்த இடம் அதுதான். பெருக்கல் அதற்குப் பிறகு வந்தது.

சரி செய்யும் முறை: நெருக்கமான சமிக்ஞையைத் தளர்வான அச்சுக்குக் கொண்டுவாருங்கள், தளர்வானதை நெருக்கமாக்க வேண்டாம். இல்லாத புள்ளிகளை இட்டு நிரப்பினால் இல்லாத தகவல் இருப்பதுபோல் தோன்றும். கொண்டுவரும்போதும் நேராகப் புள்ளியைப் பொறுக்காதீர்கள். ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் சராசரி எடுங்கள். சுற்று மின்னழுத்தத்தில் கூர்முனைகள் அதிகம். பொறுக்கும்போது ஒரு கூர்முனை மாட்டினால் அந்த இடைவெளி முழுக்க அதுவே ஆட்சி செய்யும்.

விடை சரியா என்று பார்க்க ஒரு மனக்கணக்கு: ஒரு மெகா ஆம்பியர், ஒரு வோல்ட் என்றால் ஒரு மெகாவாட். மாஸ்டில் சமதளப் பகுதியில் இந்த அளவுக்கு அக்கம்பக்கமாக வர வேண்டும். ஆயிரம் மடங்கு தள்ளி வந்தால் எங்கோ கிலோ ஆம்பியரை ஆம்பியர் என்று படித்திருக்கிறீர்கள்.

இயற்பியல் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மின்னோட்டம் ஏறும் கட்டத்தில் இந்தப் பெருக்கல் முழுவதும் வெப்பம் அன்று. ஒரு பங்கு காந்தப்புலத்தைக் கட்டியெழுப்பப் போகிறது. சமதளத்தில் மட்டும் இதை வெப்பம் என்று சொல்லுங்கள், அல்லது காந்த ஆற்றல் மாறும் வேகத்தைக் கழியுங்கள்.

கிளமெண்டி | செவ்வாய், இரவு 10.25

அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. மாஸ்ட் தரவில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. முதல் நிலை, கருவியிலிருந்து வந்தபடி. இரண்டாம் நிலை, அவர்களே பெயர்களைச் சீராக்கி, அலகுகளை ஒழுங்குபடுத்தி, ஒரு பிரிவில் உள்ளவற்றைப் பொது நேர அச்சுக்குக் கொண்டுவந்து வைத்தது. இந்த மாணவிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கும். நேராக இரண்டாம் நிலைக்குப் போனால் இந்தப் போராட்டம் எதுவும் இல்லை. சமைத்து வைத்திருக்கும்போது அரிசி புடைக்க ஏன் உட்கார வேண்டும்?

இன்னொரு நடைமுறைச் சிக்கல், தொலைவு. சேமிப்பகம் பிரிட்டனில் இருக்கிறது. ஸார் வடிவம் தரவைத் துண்டுதுண்டாக வைத்திருக்கும். திறக்கும்போது பட்டியல் மட்டும் வரும், கேட்கும்போதுதான் துண்டு வரும். சுழல் நிரலில் ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டால் ஒவ்வொரு கேள்வியும் சிங்கப்பூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பும். வேண்டிய ஷாட்டுகளை ஒருமுறை இறக்கி வட்டில் வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

தோ பாயோ பெரியவர் | புதன், காலை 6.30

தம்பி, அரிசி புடைக்கத் தெரியாதவர் சோற்றில் கல் கடித்தால் யாரைக் கேட்பார்? சீராக்கியவர்கள் திறமையானவர்கள்தாம், ஐயமில்லை. ஆனால் அவர்கள் எதைச் சராசரியாக்கினார்கள், எதை வெட்டினார்கள் என்று தெரியாமல் எடுத்தால், இந்தப் பெண் கண்டுபிடிப்பது பிளாஸ்மாவின் குணமா, சராசரியின் குணமா?

கிளமெண்டி | புதன், காலை 8.10

ஐயா, அப்படியானால் யாரும் எதையும் தொடங்கவே முடியாதே. நான் தினமும் பயன்படுத்தும் ஒவ்வொரு தரவும் யாரோ ஒருவர் சீராக்கியதுதான்.

உட்லண்ட்ஸ் வாசகி | புதன், பகல் 1.15

ஐயாவும் தம்பியும் பொறுக்க வேண்டும். ஒரே ஒரு ஷாட்டை முதல் நிலையிலிருந்து கையாலேயே செய்யட்டும். அதே ஷாட்டை இரண்டாம் நிலையில் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து பார்க்கட்டும். இரண்டும் எங்கே விலகுகின்றன, ஏன் என்று ஒரு பத்தி எழுதட்டும். பிறகு மீதி ஷாட்டுகளை இரண்டாம் நிலையில் எடுத்துக்கொள்ளலாம்.

சீராக்குவதன் அருமையை நான் அறிவேன். பிளாஸ்மாவின் காந்தப்புல வடிவத்தை எழுதும்போது திசைக்குறிகளையும் பாயத்தின் (ஒரு பரப்பைக் கடக்கும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) வரையறையையும் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. 2013-இல் சாட்டர், மெட்வடேவ் இருவரும் அவற்றை வகைப்படுத்திக் கோக்கோஸ் என்று பெயரிட்டபோது பதினாறு வகை வந்தது. பாதி வகைகளில் பாயம் முழுமையாக இருக்கும், மறுபாதியில் 2π-ஆல் வகுத்திருக்கும். ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை மாற்றும்போது எல்லாம் ஆறேகால் மடங்கு தவறி, வடிவம் மட்டும் அழகாகவே தெரியும். எனக்கு இப்படி ஒரு மாதம் போயிற்று. பிரான்ஸில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு இணைவு இயந்திரமான ஈட்டருக்காக உருவான ஐமாஸ் தரவு அகராதி இந்தக் குழப்பத்தை ஒரே மரபுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. மாஸ்டின் இரண்டாம் நிலைப் பெயர்களும் அதையே தழுவியவை.

புக்கிட் பாத்தோக் மாணவி | வியாழன், இரவு 11.45

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வேன்! அக்கா சொன்னபடி ஒரு ஷாட்டைக் கையால் செய்தேன். பெரியவர் ஐயா சொன்னபடி பூச்சியத்துக்கு முந்தைய பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மின்னோட்டக் கோடு தட்டையாக இருந்தது. கடைசிப் பகுதி பூச்சியத்துக்கு மிகச் சிறிதளவு மேலே நின்றது. எவ்வளவு என்று குறித்துக்கொண்டேன். சராசரி எடுத்துப் பெருக்கினால், மின்னோட்டம் விழும் அதே இடத்தில் வெப்பமும் விழுகிறது. சமதளத்தில் மெகாவாட் வரிசையில்தான் இருக்கிறது.

இரண்டாம் நிலையோடு ஒப்பிட்டபோது சமதளம் முழுவதும் இரண்டு கோடுகளும் ஒன்றாகவே போகின்றன. விலகுவது கடைசிச் சில மில்லி விநாடியில். பிளாஸ்மா குலைவதற்குச் சற்று முன்னால் மின்னோட்டத்தில் ஒரு சிறு மேடு எழுகிறது. முதல் நிலையில் அது கூர்மையாக இருக்கிறது, மற்றதில் மழுங்கியிருக்கிறது.

இப்போதுதான் என் கவலையைச் சொல்கிறேன். என் திட்டப்பணியின் நோக்கம் அந்தக் குலைவை முன்கூட்டியே கணிப்பது. இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்றை முன்பே செய்துவைத்திருந்தேன், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகக் கணித்தது. ஷாட்டுகளின் நீளம் வேறு வேறாக இருந்ததால், குட்டையானவற்றின் முடிவில் பூச்சியங்களை இட்டு எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கியிருந்தேன். அந்த வெற்றியை இப்போது நம்ப முடியவில்லை.

கிளமெண்டி | வெள்ளி, காலை 7.50

உங்கள் ஐயம் சரி. குலைந்த ஷாட் சீக்கிரம் முடியும், ஆகவே அதற்குப் பூச்சியம் அதிகம். மாதிரி பிளாஸ்மாவைப் பார்க்கவே இல்லை, பூச்சியங்களை எண்ணியிருக்கிறது.

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தீர்கள்? நேரத்துண்டுகளைக் கலைத்துப் பிரித்திருந்தால், ஒரே ஷாட்டின் ஒரு துண்டு பயிற்சியிலும் அடுத்த துண்டு சோதனையிலும் போயிருக்கும். ஷாட் எண் வாரியாகப் பிரியுங்கள். அடுத்தடுத்த ஷாட்டுகள்கூட ஒரே நாளில் ஒரே அமைப்பில் எடுத்தவையாக இருக்கும், ஆகவே காலத்தால் தள்ளியிருக்கும் ஒரு தொகுதியைச் சோதனைக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது.

நேற்றுவரை இரண்டாம் நிலைக்காக வாதாடினேன். கடைசிச் சில மில்லி விநாடிதான் உங்கள் கேள்வி என்றால், அந்தப் பகுதியை முதல் நிலையிலிருந்து எடுங்கள். ஐயா சொன்ன கல் அங்கேதான் இருக்கிறது.

உட்லண்ட்ஸ் வாசகி | வெள்ளி, பகல் 12.30

இன்னொன்று. சராசரி எடுக்கும்போது சாளரத்தை நேரப்புள்ளியின் இரு பக்கமும் வைத்தீர்களா? வைத்திருந்தால் குலைவின் சுவடு அதற்கு முந்தைய புள்ளிக்குள் வழிந்திருக்கும். கணிக்க வேண்டிய மாதிரிக்கு எதிர்காலத்தைக் காட்டியதாகிவிடும். முன்கணிப்புக்கு வரும் எதையும் பின்னோக்கி மட்டும் சராசரியெடுங்கள்.

பிளாஸ்மாவில் லேசரைச் சுட்டு அளக்கும் தாம்சன் சிதறல் கருவி தரும் வெப்பநிலையையும் சேர்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம். மாஸ்டில் எட்டு லேசர்கள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 30 துடிப்பு. சீராகப் பரப்பினால் 240. அதாவது நான்கு மில்லி விநாடிக்கு ஒரு படம். சில ஷாட்டுகளில் லேசர்களை நெருக்கி அடுக்கிச் சுட்டிருப்பார்கள், இடைவெளி சமமாக இருக்காது. இரண்டு துடிப்புக்கு இடையே கோடிழுத்து நிரப்பினால், அடுத்த துடிப்பை, அதாவது எதிர்காலத்தை, மறுபடி கடன் வாங்குகிறீர்கள். கடைசியாக அளந்த மதிப்பையே அடுத்தது வரும்வரை பிடித்துவையுங்கள்.

ஈசூன் தந்தை | வெள்ளி, மாலை 7.00

மகன் முழு இழையையும் படித்துவிட்டான். குலைவை ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்று கேட்கிறான்.

உட்லண்ட்ஸ் வாசகி | வெள்ளி, இரவு 8.20

பிளாஸ்மாவில் இருக்கும் வெப்பமும் மின்னோட்டமும் சில மில்லி விநாடிக்குள் சுவரில் இறங்கிவிடும். மாஸ்டில் மின்னோட்டம் ஒரு மெகா ஆம்பியர் அளவு, சுவர் தாங்கியது. ஈட்டரில் 15 மெகா ஆம்பியர். அங்கே உலோகம் உருகும், கலன் முறுக்கப்படும். ஜப்பானின் தோக்கி நகரிலுள்ள எல்எச்டி போன்ற இயந்திரங்களில் காந்தப்புலத்தைச் சுருள்களே முழுக்க உருவாக்குவதால் இந்த வகைக் குலைவு இல்லை. அந்தத் தரவும் திறந்தே இருக்கிறது. தம்பி விரும்பினால் அதையும் பார்க்கலாம்.

புக்கிட் பாத்தோக் மாணவி | ஞாயிறு, மாலை 4.10

எல்லாவற்றையும் மாற்றி மறுபடி ஓட்டினேன். பூச்சியம் இடவில்லை, ஷாட் வாரியாகப் பிரித்தேன், பின்னோக்கி மட்டும் சராசரி. சரியான கணிப்புகளின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் சரியாகச் சொன்ன ஷாட்டுகளில் பலவற்றைத் திறந்து பார்த்தால், அந்தச் சிறு மேடு எழுவதற்கு முன்பே எச்சரிக்கை வருகிறது. பழைய மாதிரியில் ஒன்றுகூட அப்படி இல்லை. மேற்பார்வை ஆசிரியரிடம் பழைய வரைபடத்தையும் புதியதையும் சேர்த்தே காட்டப்போகிறேன்.

ஐயா, ஒரு வேண்டுகோள். ரொகோவ்ஸ்கி சுருளை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தங்களிடம் பழையது ஏதேனும் இருக்கிறதா?

தோ பாயோ பெரியவர் | ஞாயிறு, மாலை 5.35

ஒன்று அலமாரியில் இருக்கிறது. கம்பி கறுத்துவிட்டது, சுற்று கலையவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்குக் கொண்டுவருகிறேன். ஈசூன் தம்பியும் மகனை அழைத்து வரலாம். இரண்டு மீட்டர் செம்புக் கம்பியும் எடுத்து வருகிறேன். புதிதாக ஒன்றை அங்கேயே சுற்றிப் பார்க்கலாம்.